எஞ்சின் கவருக்கு மரியாதை

ஏற்காடு பஜாரில் மத்தியான வெயிலிலும் குரங்குக் குல்லாவைக் கழற்றாத மெக்கானிக் ஒருவர் இருந்தார். சேலத்துக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய அன்று என் மோட்டார் சைக்கிள் நின்றுவிட, அவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். ஸ்க்ரூக்களை எல்லாம் எடுத்தும் எஞ்சின் கவர் அசையவில்லை. மரச் சுத்தியலால் தட்டுமுன் ஒவ்வொரு தடவையும், "ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க, வந்துருங்க" என்று அதனிடம் கெஞ்சினார். சிரித்துவிட்டேன்.

"சிரிச்சா எப்படிங்க வருவாங்க? நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்க."

பெண் வீட்டார் காத்திருப்பார்களே! பஜாரே பார்க்க, கவரைக் கும்பிட்டு, "வாங்க" என்றேன். அவர் ஓங்கித் தட்டினார். கவர் கழன்று அவர் காலிலேயே விழுந்தது.

ஒற்றைக் காலில் குதித்தபடி, "ஐயோ, நீங்க போயி என் கால்ல உழுவலாமுங்களா? எந்திரிங்க!" என்று பதறித் தூக்கினார். முகத்தில் சிரிப்பே இல்லை. விளையாடினாரா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.