சாமை விளைந்த பாறை

சாமைக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும் என்று அதை வாங்க வந்த கம்பெனிப் பெண் சொன்னபோது கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரி மட்டும் கேட்டாள்.

"எங்க வூட்ல ஒருத்தருக்கும் பாஸ்போர்ட் இல்லீங்க. சாமைக்கு இன்னாத்துக்கு?"

"ஜெர்மனிக்குப் போகுதும்மா."

"போவட்டும். இந்த வூட்லேர்ந்து எதுனா ஒண்ணு போவட்டும்."

விஷயம் இதுதான். சாமைப் பாக்கெட்டில் கட்டம் கட்டமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும்; அதுதான் பாஸ்போர்ட். வாங்குகிறவர் அதைப் போனுக்குக் காட்டினால் எந்த நிலத்தில் விளைந்தது, மருந்து அடித்ததா, எந்த வண்டியில் போனது, எல்லாம் தெரியும். நாங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அவரவர் நிலத்தில் நின்று போனில் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும்.

அழுத்தினோம். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கள் ஊரில் டவர் கிடைப்பது ஒரே இடத்தில், மேட்டுப் பாறையில். யாரிடம் பேசுவதென்றாலும் அங்கேதான் ஏறுவோம். இதற்கும் ஏறினோம். ஊரே வரிசையில் நின்று அழுத்தியது. பதிவாகிவிட்டது என்று வந்தது.

அறுவடை முடிந்தது. மூட்டைகள் வீட்டை அடைத்துக்கொண்டன. நாங்கள் அடுப்போரம் படுத்தோம். லாரி வரவில்லை. வழக்கமாக வாங்கும் வெள்ளிமலை வியாபாரியிடம் இந்த வருசம் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. அவரும் இனி வர மாட்டேன் என்றுவிட்டார். கூரை ஒழுகும். மழை கட்டிக்கொண்டு நின்றது. அந்தச் சாமையை விட்டால் எங்களுக்கு வேறு வரும்படி இல்லை.

லாரிக்குப் பதிலாகக் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்தார். போன் காட்டிய வழியில் நேராகப் பாறைக்கு ஏறி நின்றுகொண்டு எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அண்ணா, உங்க நிலம் எது?"

"கீழ இருக்குதுங்க."

"மேப்ல இங்க காட்டுது. எல்லார் நிலமும் இங்கதான் காட்டுது. பாறையில இவ்ளோ சாமை எப்படி வெளையும்? மோசடின்னு கம்ப்யூட்டர் நிறுத்தி வெச்சிருக்கு."

பக்கத்து நிலத்துக்காரர் பாறையைக் காலால் தட்டினார். "நல்ல பூமிங்க. மருந்தே அடிக்கல. ஒரு பூச்சி இருந்தா காட்டுங்க."

தம்பி சிரிக்கவில்லை. டவர் சமாசாரத்தைச் சொன்னேன். ஒவ்வொரு நிலமாகப் பார்த்து, அங்கேயே நின்று ரிப்போர்ட் அனுப்பினால்தான் சரக்கை விடுவார்கள் என்றார்.

நடந்தார். குறை சொல்ல மாட்டேன், எல்லா நிலத்துக்கும் நடந்தார். கடைசியில் என் நிலம். அறுத்த சாமைத் தாளைப் படம் எடுத்தார். என்னை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார். அனுப்பு என்று அழுத்தினார். சக்கரம் சுற்றியது. வரப்பில் ஏறினார். போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"இன்னா தம்பி, சாமிக்கு ஆரத்தி காட்டிக்கினு கீறீங்க? பாறைக்கே போயிடுங்க" என்றாள் வீட்டுக்காரி.

போனை இறக்கினார். பிறகு பாறைக்குப் போனார். அழுத்தினார். படம், ரிப்போர்ட் எல்லாம் ஆபீசுக்குப் போய்விட்டது. உடனே ஆபீசிலிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டார்.

"விவசாயிங்க பதிஞ்ச இடமும் நீங்க நேர்ல போய்ப் பதிஞ்ச இடமும் ஒண்ணா இருக்கு. பக்கா. லாரி அனுப்புறோம்."

தம்பி வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். நான் மேகத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் லாரி வந்தது. மூட்டை ஏற்றும்போது தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணா, அடுத்த வருசம் ஊருக்குள்ள டவர் வந்தாலும் நிலத்துல நின்னு அழுத்திடாதீங்க. இந்த வருசப் பதிவோட பொருந்தாது. பாறையிலயே அழுத்துங்க."

"சரிங்க" என்றேன்.

தூறல் ஆரம்பித்தது. தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம்.