கல்லறைச் சிலுவையில் கல்யாண எழுத்து

கடல் தாண்டி வந்த இந்தத் தீவில், டாலிகஞ்சில் பஸ்ஸுக்காக நிற்கிறேன். பக்கத்துத் தச்சுக் கடையில் ஒருவர் கல்லறைக்குப் போகும் மரச் சிலுவையில், வெள்ளை பெயிண்டால் பிரான்சிஸ் என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார். எழுத்தைப் பார்த்ததும் கிட்டே போய்க் குனிந்து பார்க்கிறேன். அது நான் வரைந்த எழுத்துரு.

கல்யாணக் கார்டுக்கென்றே சென்னையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் வரைந்தது. ஒவ்வொரு எழுத்தின் பாதத்திலும் சின்னக் கொடிச்சுருள் இருக்கும். ஆர் எழுத்தின் கால் மட்டும் ஆடுகிற மாதிரி நீளும். அது இங்கே எப்படி வந்தது? கோபப்படுவதா, கூச்சப்படுவதா, ஒன்றும் புரியவில்லை. போதாததற்கு, முடிபோல நான் விட்ட கோடுகளையெல்லாம் மனிதர் தடிமனாக்கிவிட்டார்.

“அண்ணே, இந்தக் கோடு மெல்லிசால்ல இருக்கணும்?”

“இங்கத்த மழைக்கு மெல்லிசு தாங்காது சார். ஏக்தம், மொத்தமா அழிஞ்சிரும்.”

“அதுசரி, இது கல்யாணத்துக்குப் போடுற எழுத்தாச்சே?”

அவர் பிரஷை வைத்துவிட்டு, பெயிண்ட் விரல் பதிந்த ஒரு கார்டை நீட்டுகிறார். இறந்தவருடைய மகளின் கல்யாணப் பத்திரிகை. மணமகளின் தந்தை என்ற இடத்தில் அதே பெயர், அதே எழுத்து.

“இதே மாதிரி எழுதணும்னு வீட்ல சொல்லிட்டாங்க சார். கடல்லயே கெடந்த மனுஷன். அவரு பேரு அச்சுல வந்தது இது ஒண்ணுலதான்.”

பஸ் வந்து ஹாரன் அடிக்கிறது. நான் சிலுவையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அந்த ஆர் ஆடுகிறதா, மண்டியிடுகிறதா என்று வரைந்த எனக்கே இப்போது தெரியவில்லை.