மேசை துடைக்கும் ஸ்பிரிட்

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் சிலந்தியக்கா. பிளாஸ்டிக் கரைசலை ஊசிக்குழலில் ஏற்றி, நுனியில் பதினெட்டாயிரம் வோல்ட் கொடுத்து, தலைமுடியை நூறாகக் கிழித்தது போன்ற இழைகளை எதிரே உள்ள தகட்டில் வெள்ளை வலையாகப் படிய வைப்பது அவள் வேலை. அந்த வலைக்குள் நுண்ணிய தங்கத் துகள் ஏறிவிட்டால், குடிநீரில் ஒளிந்திருக்கும் ஈயத்தை அது மின்சாரத்தால் காட்டிக் கொடுத்துவிடும்.

தன் அக்காவின் கணவர் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கட்டும் என்று, தன் படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போனவள் அவள். இன்று அவர் கூடத்தின் தலைவர், அவள் உதவியாள். பாழாய்ப்போன வலை தங்கத்தை வாங்க மாட்டேன் என்று மூன்று வருடம் அடம்பிடித்தது. கடைசியில் வழி கண்டவள் அவள்தான். ஆனால் காப்புரிமை விண்ணப்பத்தில், கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் மட்டும் இருந்தது.

"அத்தான், என் பேரு?"

"உனக்கு வேலை வாங்கிக் குடுத்தவனே நான்தானேம்மா! ஊசி பிடிக்கிறவ எல்லாம் விஞ்ஞானியா?"

அவள் அழவில்லை. அவர் எழுதியிருந்த செய்முறையை ஒருமுறை வாசித்தாள். 'வலையை உரித்துத் தங்கக் கரைசலில் இடவும்.' அவ்வளவுதான். அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தது.

மறுநாள் காலை, விண்ணப்பத்தை ஒப்புக்கொள்ளும் முன் நேரில் பார்க்கக் காப்புரிமைக் குழுவிலிருந்து நரைத்த தலை அம்மாள் ஒருவர் வந்தார். அத்தான் தாமே கையுறை மாட்டிக்கொண்டார். அவள் ஸ்பிரிட் தொட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"துடைச்சது போதும். பாட்டிலையும் எடுத்துட்டு வெளிய நில்லு."

"சரிங்க அத்தான்."

இத்தனை வருடமாக அந்தப் பாட்டில் மேசை துடைக்க மட்டும்தான் என்று அவர் நினைத்திருந்தார். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

சிவப்புத் தங்கக் கரைசலில் வலை இலை போல மிதந்தது. இடுக்கியால் அழுத்தினார், மேலே வந்தது.

"என்னங்க, நீச்சல் பழகுதா?" என்றார் அம்மாள்.

தண்ணீரில் அலசியதும் ஒட்டியிருந்த கொஞ்சநஞ்சச் சிவப்பும் போயிற்று. அதை ஈயம் கலந்த நீரில் இறக்கினார்; கணினியில் மின்சாரத்தைக் காட்டும் கோடு செத்த பாம்பாக நீண்டு கிடந்தது.

அத்தான் வாசலுக்கு ஓடி வந்தார். "என்ன பண்ணணும்? சீக்கிரம் சொல்லித் தொலை!"

அவள் உரக்கவே சொன்னாள். "கண்டுபிடிச்சவர் நீங்க. ஊசி பிடிக்கிறவகிட்டப் போய்க் கேக்கலாமா?"

அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ செய்யறது யாரு?"

"நான்தாம்மா. விண்ணப்பத்துல என் பேரு வரட்டும், செஞ்சு காட்டறேன்."

அத்தான் பேனாவை எடுத்தார்.

"உங்க பேருக்குக் கீழ இல்ல அத்தான். மேல."

அவர் தன் பெயருக்கு மேலே அவள் பெயரை எழுதுவதைக் கண்கொட்டாமல் பார்த்தாள். நாளை அக்கா வந்து அழுவாள். அழட்டும்.

புது வலையை ஸ்பிரிட்டில் நனைத்தாள். தண்ணீரை உள்ளே விடாத பிளாஸ்டிக் இழைகளுக்குள் ஸ்பிரிட் இறங்கியது; வெள்ளை வலை கண்ணாடி போலத் தெளிந்தது. ஈரம் காயுமுன் நீரில் அலசித் தங்கத்தில் இட்டாள். வலை அடிவரை சிவப்பைக் குடித்தது. ஈயம் கலந்த நீரில் இறக்கியதும், செத்துக் கிடந்த கோடு படமெடுத்து எழுந்தது.

அவள் துணியை அவர் கையில் திணித்தாள்.

"மேசை ஈரமா இருக்கு அத்தான். துடைங்க."