பின்சுவரில் அடித்த ஆணி

வெள்ளைக்காரன் கப்பலேறிய மறு வருஷம் நாங்கள் புதுச்சேரிக்குக் குடிவந்தோம். அவன் போனதற்கும் நாங்கள் வந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்பாவுக்கு மில்லில் வேலை கிடைத்தது, அவ்வளவுதான். ஆனால் என் தாய்மாமன், வெள்ளைக்காரன் காலி செய்த இடத்தில் எங்களைத்தான் கூப்பிட்டு உட்காரவைத்தது போல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும்.

தவளக்குப்பத்திலிருந்து உள்ளே தள்ளி இருந்த எங்கள் ஊரில் வீடு என்றால் மண்சுவரும் கூரையும்தான். நாலு பக்கமும் சுற்றி வரலாம். ஒரு வீட்டின் சுவரே இன்னொரு வீட்டுக்கும் சுவராக இருக்க முடியும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. டவுனில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. பக்கவாட்டில் ஒட்டியிருந்ததைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டோம். பின்னாலும் ஒரு வீடு எங்கள் முதுகோடு முதுகை ஒட்டிக்கொண்டு, அடுத்த தெருவைப் பார்த்து வாசல் வைத்திருந்ததை யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. பின்சுவருக்கு அப்பால் வெட்டவெளிதான் என்று நினைத்தோம்.

அம்மா அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள். எனக்குப் பிறகு உண்டான இரண்டும் தங்கவில்லை. இந்த நிலையில் வீடு மாறக்கூடாது என்று ஊரில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். மில் வேலை யாருக்காகவும் காத்திருக்காது என்று அப்பா வண்டி கட்டிவிட்டார். ஆகவே அந்த வீட்டில் எது அசைந்தாலும் அம்மாவின் வயிற்றைக் குறிவைத்துத்தான் அசைகிறது என்று நாங்கள் பயந்தோம்.

வீடோ சும்மா இருக்கவில்லை. வெயில் தாழ்ந்ததும் மச்சு உத்தரம் முனகும். கடல்காற்றுக்கு சன்னல் பலகைகள் கடகடக்கும். மழைத்தண்ணீர் இறங்கும் குழாய், மழையே பெய்யாத நாளிலும் களகளக்கும். அம்மா ஒவ்வொன்றுக்கும் ஊரிலிருந்து ஒரு ஆளைப் பிடித்து வந்து பெயர் வைத்தாள். உத்தரம் முனகினால், "ஒண்ணுமில்லடி, உங்க பெரியப்பா பொரண்டு படுக்கறாரு" என்பாள். சன்னல் அடித்தால் எங்கள் செவலை மாடு கொட்டகையில் உரசுகிறது. குழாய் என்றால் சித்தி வாய் கொப்பளிக்கிறாள். இப்படி எங்கள் ஊரையே அந்த வீட்டுக்குள் குடிவைத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. அவளுக்கு வந்ததா என்று நான் கேட்டதில்லை.

ஒரு சத்தத்துக்கு மட்டும் அவளிடம் பெயர் இல்லை. மில்லின் மத்தியானச் சங்கு ஊதி ஓய்ந்த பிறகு, சாமான் அறையின் பின்சுவரிலிருந்து அது வரும். டொக், டொக். கொஞ்சம் நிற்கும். மறுபடியும் டொக், டொக். உச்சிப்பொழுது பேய் நடமாடும் நேரம் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு வாசல்படியில் வந்து உட்கார்ந்துவிடுவாள். முந்தானையை மடித்து வயிற்றின்மேல் போட்டு மூடிக்கொள்வாள். சோறு இறங்காது. கண்ணுக்குக் கீழே கறுத்து, கன்னம் ஒட்டி, நாளுக்கு நாள் வாடினாள். அம்மா செத்துப்போய்விடுவாளோ என்று நான் அவளை விட்டு நகரமாட்டேன்.

"அக்கம்பக்கத்துல யாரையாவது கேட்டுப் பாக்கட்டுமா?" என்றாள் ஒரு நாள்.

"கேட்டுட்டு? பட்டிக்காட்டு சனம் பேய்க்குப் பயந்து சாவுதுன்னு தெருவே சிரிக்கறதுக்கா?" என்றார் அப்பா.

கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். மானம் பெரிதென்று வாயை மூடிக்கொண்டோம்.

மாமாவுக்குச் சொல்லியனுப்பினார்கள். அவர் ஊர்ப் பூசாரியிடம் மந்திரித்த இரும்பாணி ஒன்றை மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்தில் பேயை மரத்தில் ஆணியடித்து இறக்குவார்கள். இங்கே மரத்துக்கு எங்கே போவது? சத்தம் வருகிற இடத்திலேயே அடித்துவிடச் சொல்லிப் பூசாரி உத்தரவாம். மத்தியானம் டொக் என்று கேட்டதும் மாமா சுவரைத் தடவிப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்தார். "எங்க அக்காளையா பயமுறுத்தற? ஓட்றா!" என்று கத்திக்கொண்டே சுத்தியலை ஓங்கி ஓங்கிப் போட்டார். காரை பொலபொலவென்று கொட்டியது.

சத்தம் நின்றது. மறுநாளும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. மாமா ஒரு முழுக்கோழியைத் தின்று தீர்த்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். அம்மா வயிறாரச் சாப்பிட்டாள். மத்தியானம் என் பக்கத்தில் படுத்து வாய் திறந்தபடி தூங்கினாள். அந்த வீட்டில் அவள் அப்படித் தூங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன். மாமாவுக்கு ஒரு முத்தம் கொடுத்திருக்கலாமே என்று இருந்தது.

கொஞ்ச நாள் கழித்துப் பின்பக்கம் எங்கேயோ சாவு மேளம் கேட்டது. வயிற்றுப் பிள்ளைக்காரி கேட்கக்கூடாது என்று அப்பா சன்னல்களைச் சாத்தினார். அந்தச் சாவின் காரியத்துக்கு முந்தின நாள், நடுவயசுப் பெண்பிள்ளை ஒருத்தி எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"முன்ன இங்க இருந்தாங்களே, அந்தம்மா இல்லியா? நாளைக்கி எங்க பெரியவருக்குக் காரியம், சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"அவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. நாங்க புதுசு" என்றாள் அம்மா.

"அய்யோ, இதானா சங்கதி" என்று அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். பின்தெரு வீட்டில் வேலை செய்கிறவளாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன்வரைக்கும் போய்வந்த கிழவர் ஒருவர் அங்கே இருந்தார். சிப்பாய்க்குப் பிரெஞ்சில் சொல்தா; எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து கட்டிலோடு கிடந்தவர்.

"மத்தியானத்துல நான் இன்னொரு வூட்டு வேலைக்கிப் போயிடுவேன். தாகமெடுத்தா தடியால செவுத்துல தட்டுவாரு. அந்தம்மா தெரு சுத்திக்கினு வந்து ஒரு வாய் தண்ணி குடுத்துட்டுப் போவும். கொஞ்ச நாளா தட்டனாலும் வரலியேன்னு பொலம்புனாரு. என்னா கோவமோ, நான் என்னா தப்பு பண்ணனோன்னு. நானும் வந்து கேக்கணும்னுதான் இருந்தேன், நேரமே அமையல. அப்பறம் ஒருநா இந்தப் பக்கத்துலேர்ந்து ஓங்கி ஓங்கி இடிச்சாங்களாம். அதோட தடியக் கீழ போட்டுட்டாரு. எடுத்துக் குடுத்தாலும் வாணாம்னுட்டாரு."

அந்தப் பெண்பிள்ளை எழுந்து போன பிறகும் அம்மா வாசலிலேயே நின்றாள். அப்புறம் மெதுவாக உள்ளே போனாள்.

எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது ஒரு மனுஷர்! பேயே இல்லை! அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது, பாப்பா நல்லபடியாகப் பிறக்கும். நான் சாமான் அறைக்குள் ஓடி அவள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன்.

"பேய் இல்லியாம்மா! அது பேயே இல்லியாம்!"

அம்மா சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உடம்பு குலுங்க அழுதாள்.

"பேயாவே இருந்திருக்கக் கூடாதாடி" என்றாள்.

ஒரு பேய்க்காகவா அம்மா இப்படி ஏங்குகிறாள்? அதுதான் அவளைப் பிடித்துவிட்டது என்று பயந்து, மாமாவை மறுபடியும் வரச்சொல்ல வேண்டும் என்று அப்பாவிடம் சொல்ல ஓடினேன்.