ரன்பண்டாவின் வாய்

ரன்பண்டா யாரையும் திட்டியதில்லை. எங்கே பாராட்டிவிடுவாரோ என்றுதான் ஊர் நடுங்கியது.

இலங்கையில் குருநாகலுக்குப் பக்கத்தில் உள்ள அந்தச் சிற்றூரில் இந்தப் பெயர் அவருக்கு இருபத்திரண்டு வயதிலேயே கிடைத்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கொடியில் கிடந்த பூசணியைப் பார்த்து, "அடேயப்பா, என்னா காய்!" என்றார். நான்காம் நாள் அது அழுகிப்போனது. அடுத்த மாதம் தபால்காரரின் புதுச் சைக்கிளைத் தடவிப் பார்த்து மெச்சினார். சாயங்காலமே சைக்கிள் தபால்காரரோடு சேர்ந்து வாய்க்காலில் கிடந்தது. தபால்காரர் கள் குடித்திருந்தார் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ரன்பண்டாவுக்கு வாயில் விஷம் என்று தீர்ப்பாகிவிட்டது.

அதன்பின் முப்பத்தெட்டு வருஷம் ராஜபோகம். ஊரை மிரட்ட அரிவாள் வைத்திருப்பவனுக்கு அதைத் தீட்டும் வேலையாவது உண்டு. இவருக்கு அதுவும் இல்லை. பஸ்ஸில் ஏறினால் மூன்று பேர் எழுந்து இடம் கொடுப்பார்கள். தெருமுனையில் அவர் தலை தெரிந்ததும் ஆளாளுக்குத் தங்கள் பொருளைத் தாங்களே ஏசுவார்கள். "வாங்க பண்டா மாமா! இந்தச் சனியன் புடிச்ச மாட்டைப் பாருங்க, எலும்பும் தோலும்!" கடைக்கார அப்புஹாமி முதல்தரச் சம்பாவை அளந்துகொண்டே, "பன்னிகூட மோந்து பாக்காது மாமா, சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க" என்பார்.

வீட்டிலும் இது வசதிதான். கறி எப்படி என்று மனைவி ஹீன்மெனிகே கேட்டால், "சொல்லிடுவேன். சட்டி உடைஞ்சா என்னைக் கேக்கக் கூடாது" என்பார். அவளும் அடங்கிவிடுவாள்.

பேத்தி பிறந்ததும் எல்லாம் தலைகீழானது. மருமகள் ருவினி குழந்தையோடு வந்த நாள்முதல், தன் வாய்க்குத் தானே பயந்து ரன்பண்டா பின்கட்டில் குடியிருந்தார். மூன்று வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. "குரங்கு, தவளை, கரிச்சட்டி" என்று ஏசவேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு உள்ளே போனார். குழந்தை அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

"என் தங்கமே, என்னா அழகு!"

ருவினி அலறினாள். மெனிகே ஓடிவந்து மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. ரன்பண்டா ஏழு நாள் வாயே திறக்கவில்லை. சோறு கேட்கவும் சைகைதான். தொட்டிலில் அசைவு நின்றால் போதும், எழுந்துபோய்க் குழந்தையின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பார்.

எட்டாம் நாள் மருத்துவச்சி தராசோடு வந்தாள். "இருநூறு கிராம் ஏறியிருக்கா, குண்டுப் பொண்ணு!"

ரன்பண்டா விசும்பி அழுதார். அழுது முடிப்பதற்குள் ஊர் வேறொரு முடிவுக்கு வந்துவிட்டது. மறுநாள் பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். அப்புஹாமி குறுணையைக் கட்டிக் கொடுத்து, "அருமையான அரிசி மாமா" என்று பல்லைக் காட்டினார்.

மத்தியானம் மெனிகே பலாப்பிஞ்சுக் கறியைப் பரிமாறிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"முப்பத்தஞ்சு வருஷமா சட்டியைக் காட்டி ஏமாத்தினீங்க. இப்ப சொல்லுங்க, கறி எப்படி?"

ரன்பண்டா ஒரு துண்டை மென்றார். உண்மையாகவே நன்றாக இருந்தது. தொட்டிலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"சொல்லிடவா?"

"தாராளமா. உங்க வாய்க்கு யாரு பயந்தா?" என்ற மெனிகே, சட்டியை மெல்லத் தன் முதுகுக்குப் பின்னால் நகர்த்தி வைத்தாள்.