ஒரு தலை, இரண்டு மலை

எங்கள் வீட்டு பீரோவின் மேல் தட்டில், கல்யாணப் புடவைகளுக்குப் பின்னால், ஒரு துணிப்பை நிறைய என் மகளின் தலைமுடி இருக்கிறது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, வைத்திருப்பதும் வெட்கமாக இருக்கிறது. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. முதலில் என் அம்மா மேல், அடுத்து மாமியார் மேல், கடைசியில் என் மேலேயே.

நான் பிறந்தது திருத்தணி. என் கணவர் பிறந்தது ரேணிகுண்டாவுக்குப் பக்கத்தில். இரண்டும் ஒரே ரயில் பாதை. அம்பத்தூரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினால் முதலில் அம்மா வீடு, அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் மாமியார் வீடு. அம்மா மொட்டை மாடியில் துணி உலர்த்திவிட்டு நிமிர்ந்தால் தணிகை மலை தெரியும். மாமியார் தன் மொட்டை மாடியில் வடாம் பிழிந்துவிட்டு நிமிர்ந்தால் திருமலை தெரியும். எங்கள் குடும்பச் சண்டைக்கு இதைத் தவிர வேறு காரணமே கிடையாது.

ஏழாம் மாதத்தில் எனக்கு பிரஷர் ஏறி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். அப்போது அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்காமல், பிள்ளையின் முதல் முடியை முருகனுக்குத் தருவதாக வேண்டிக்கொண்டாள். அதே வாரம் மாமியார் அதே முடியைப் பெருமாளுக்குத் தருவதாக வேண்டிக்கொண்டார். பிள்ளைக்கு முடி இருக்கிறதா என்றுகூட அன்றைக்கு யாருக்கும் தெரியாது. குழந்தைக்குப் பதினோரு மாதம் ஆனபோதுதான் குட்டு வெளிப்பட்டது. இருவருமே மொட்டைக்கு நாள் குறித்துவிட்டு எனக்கு போன் செய்தார்கள்.

முதல் மொட்டை ஒரு தடவைதான். அதை ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை வயதில்தான் போட வேண்டும். அதுவரை தலையில் கத்தரி படக் கூடாது. இதில் மட்டும் இரண்டு வீட்டுக்கும் அப்படி ஓர் ஒற்றுமை. பேச்சுவார்த்தையிலேயே முதல் வயது போய்விட்டது. ஒரு கோயிலில் மொட்டை, இன்னொரு கோயிலில் பூமுடியாக ஒரு கொத்து மட்டும் கொடுத்துவிடலாமே என்று சமாதானத்துக்குப் போனேன். நல்ல யோசனை என்று இரண்டு பேருமே சொன்னார்கள். மொட்டை தனக்கு, பூமுடி எதிராளிக்கு என்று இரண்டு பேருமே எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு சாமி நம்பிக்கை கிடையாது. அது போன கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் யாரும் உட்காரவைத்து பக்தி சொல்லித்தரவில்லை. தலைக்கு எண்ணெய் வைக்கும்போதும், ஜடை பின்னும்போதும், காய்ச்சல் மாத்திரை விழுங்கும்போதும் அம்மா என்னை மலைப் பக்கமாகத் திருப்பி உட்காரவைப்பாள், அவ்வளவுதான். வயிற்று வலி என்றால் மலைக்கோயில் சந்தனம். மற்ற ஊர்க்காரர்கள் அதை நெற்றியில் வைத்துக்கொள்வார்கள், நாங்கள் தண்ணீரில் கரைத்துக் குடிப்போம். கல்லூரி விடுதியில் சேர்ந்த புதிதில், யாரோ ஒரு கோயிலிலிருந்து கொண்டுவந்த சந்தனத்தை டம்ளரில் கரைத்து நான் மடமடவென்று குடித்தபோது அறையில் இருந்த மூன்று பேரும் வாயைப் பிளந்தார்கள். இன்னொரு நாள் முருகன் என்றால் மயில்தானே என்றார்கள். எங்கள் கோயிலில் நிற்பது யானை என்று அரை மணி நேரம் சண்டை போட்டேன். நான் பக்தி என்று நினைத்ததில் பாதி எங்கள் ஊர்ப் பழக்கம் என்பது அப்போதுதான் உறைத்தது. மீதிப் பாதியும் அதுதான் என்று அடுத்த வருஷம் முடிவுசெய்துகொண்டேன்.

இதில் என் கணவரும் என் கட்சி. பழகிய காலத்தில் நாங்கள் இருவரும் பேசிப் பேசிச் சிரித்ததெல்லாம் இதைப் பற்றித்தான். அதனால் மொட்டைத் தகராறு முற்றியபோது, இரண்டு வீட்டிலும் போய்ப் புத்தி சொல்வது எங்கள் கடமை என்று நினைத்தோம்.

"நீ மட்டும் ரேணிகுண்டாவுல பொறந்திருந்தா இந்நேரம் கோவிந்தா கோவிந்தான்னு சொல்லிகினு இருப்ப" என்றேன் அம்மாவிடம்.

அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவே இல்லை. "ஆங், சொல்லிகினுதான் இருப்பேன். அதுக்கு இன்னா இப்போ? ஜுரம் வந்தா பக்கத்துத் தெரு டாக்டராண்ட போவியா, பாம்பேக்குப் போவியா? கிட்ட இருக்கிறவருதான்டி ஓடி வருவாரு."

என் வாதத்தையே எடுத்து என்மேல் போட்டுவிட்டாள்.

மாமியாரிடம் பேசியது என் கணவர். மாமியார் பாதித் தெலுங்கில் கணக்குச் சொன்னார். "அவங்க ஊர்ல ஒரு கொண்ட. நமக்கு ஏழு கொண்டலுரா. ஏழு போய் ஒண்ணுக்கு விட்டுக் கொடுக்குமா?" கொண்ட என்றால் மலை. மலையை எண்ணித்தான் முடிவுசெய்வதென்றால் இமயமலைக்கே கூட்டிப்போகலாம் என்று இவர் சொல்லித் தொலைத்தார். மாமியார் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

இதற்குள் மகளுக்கு மூன்று வயது ஆகி, அதுவும் முடியப்போகிற கோடை வந்துவிட்டது. முடி தோளைத் தாண்டித் தொங்கியது. காலையில் சீப்பை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொள்வாள். அக்கினி நட்சத்திரம் ஆரம்பித்த வாரத்தில் தலை முழுக்க வேனல் கட்டிகள். சொறிந்து சொறிந்து சீழ் வைத்துவிட்டது. "முடி இருக்கிற வரைக்கும் மருந்து தோல்ல படாது. நாளைக்கே மொட்டை போட்டுடுங்க" என்றார் டாக்டர்.

இரண்டு வீட்டுக்கும் போன் செய்தேன். "போன கிருத்திகைக்கு வாங்கின சந்தனம் வூட்ல இருக்குது, கொண்டாந்து தரேன், கரைச்சிக் குடு. ஆடிக் கிருத்திகை வரைக்கும் பொறுத்துக்க. அங்க போய் மொட்டை போட்டீங்கன்னா என் வாசப்படிய மிதிக்காத" என்றாள் அம்மா. மாமியார் கோபிக்கவில்லை, அழுதார். "நீயும் பிள்ளையும் பிழைச்சு வரணும்னுதானம்மா கேட்டேன். வாக்குத் தப்பினா எனக்கு பயமா இருக்கு" என்றார். அழுகிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? எனக்குத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போல இருந்தது. மூன்று வயதுக் குழந்தைக்குத் தலையில் சீழ் வடிகிறது, இவர்கள் வாக்கைப் பற்றிப் பேசுகிறார்கள்.

எந்த மலையும் வேண்டாம், டாக்டர் சொன்னார், எடுக்கிறோம் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம். சனிக்கிழமை தெருமுனை சலூனுக்குக் கூட்டிப்போனோம். சலூன்காரர் முடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மொத மொட்டையா? எந்தக் கோயிலுக்கு வேண்டியிருக்கீங்க?" என்றார். "எந்தக் கோயிலுக்கும் இல்லை" என்றேன். கத்தியை அலமாரியில் வைத்துவிட்டார். "கோச்சுக்காதீங்க மேடம், எனக்கும் புள்ளைங்க இருக்கு."

சரி, வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவரின் டிரிம்மரை சார்ஜில் போட்டு எடுத்தேன். கூடத்தில் ஸ்டூலைப் போட்டு மகளை உட்காரவைத்தேன். அவள் கழுத்தில் துண்டைச் சுற்றினேன். பிறகு அவளோடு சேர்த்து ஸ்டூலை ஒரு பக்கமாகத் திருப்பினேன்.

"எதுக்குத் திருப்பற?" என்றார் அவர்.

"வெளிச்சத்துக்கு."

"ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கு."

ஆமாம், ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருந்தது. மகள் எதிரே வெறும் சுவர். சுவருக்கு அப்பால் ரயில் பாதை. அது அப்படியே போனால் திருத்தணி. என் கை தானாகத் திருப்பியிருக்கிறது.

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கிட்டே வந்து ஸ்டூலின் விளிம்பைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் வடக்கே, திருமலைப் பக்கமாகத் தள்ளினார்.

"இது எதுக்கு?" என்றேன்.

"ஒயர் எட்டணும்ல."

சார்ஜில் ஓடுகிற மிஷினுக்கு ஏது ஒயர்? நான் பழையபடி இழுத்தேன். அவர் தள்ளினார். "உங்கம்மா பேச்சைக் கேட்டுகிட்டு..." என்று நான் ஆரம்பித்தேன். "நீ மட்டும் யார் பேச்சைக் கேட்டுத் திருப்பின?" என்றார் அவர். இரண்டு வீட்டுக்கும் புத்தி சொன்ன இரண்டு படித்த முட்டாள்கள், ஒரு சாண் தூரத்துக்காக ஸ்டூலை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம்.

மகள் துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்துத் தலையைச் சொறிந்தாள். காதோரம் ரத்தம் கசிந்தது. அவள் என்னையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் பாத்தாலும் அரிக்குதும்மா" என்றாள்.

அவர் கையை எடுத்துவிட்டார். ஸ்டூல் நின்ற இடத்திலேயே நின்றது. நெற்றியில் ஆரம்பித்துப் பின்கழுத்து வரைக்கும் நானே எடுத்து முடித்தேன். பின்மண்டையில், எப்போதும் ஜடைக்கு அடியில் இருக்கும் இடத்தில், நாங்கள் அதுவரை பார்த்தே இராத இரண்டு கட்டிகள் உடைந்து காய்ந்திருந்தன. எத்தனை நாள் வலித்ததோ தெரியவில்லை. மருந்து தடவியபோது அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

கீழே கிடந்த முடியை முறத்தில் அள்ளிக் குப்பைக் கூடை வரைக்கும் கொண்டுபோனவர் அவர். கூடைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அப்படியே திரும்பி வந்தவரும் அவர்தான். பையைத் தேடி எடுத்துக் கொடுத்தது நான்.