வராதவர்களின் பங்கு

பிரேமலாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எது கிடைத்தாலும் கொஞ்சம் எடுத்து வைத்துவிடுவாள். அவள் வேலை செய்யும் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் பிறந்தநாள் கேக் வெட்டினால், அன்று லீவு போட்டவருக்கும் ஒரு துண்டு டிஷ்யூவில் மடிந்து போய்ச் சேரும். அப்படி மடித்த ஒரு டிஷ்யூவால்தான் எங்கள் நட்பு ஒருமுறை அறுந்துபோகப் பார்த்தது. தப்பு என்னுடையது.

அப்போது ஜொகூர் பாருவில் ஒரு கான்வென்ட்டில் நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்தோம். நான் ஜெசிந்தா, கத்தோலிக்கக் குடும்பம். அவள் மாசாய் அடுக்குமாடியிலிருந்து பஸ் ஏறி வரும் இந்துப் பெண். கணக்குப் பாடத்தில் என்னைக் கரையேற்றியவள் அவள்தான். சாமி விஷயத்தில் மட்டும் எல்லாம் எனக்குத்தான் தெரியும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

"நாங்க வேண்டினா உங்க சாமிக்குக் கேக்குமா ஜெசி?" என்பாள்.

"வேண்டிப் பாரு, தெரியும்" என்பேன், பெரிய மனுஷி மாதிரி.

பள்ளித் திருநாளன்று பக்கத்துத் தேவாலயத்தில் நடந்த பூசைக்குத் தானும் வருவதாகச் சொன்னாள். அவள் அம்மா செல்வராணிக்கு அடுத்த திங்கட்கிழமை இதய ஆப்பரேஷன். வேறு யாரிடம் வேண்டுவது என்று தெரியாத நிலைமை.

"நான் செய்யறதப் பாத்துச் செய், போதும் லா" என்றேன். இயேசுவின் உடலாகவே நாங்கள் நம்பும் நற்கருணை அப்பத்தை, ஞானஸ்நானம் பெறாதவர்கள் வாங்கக்கூடாது என்பதை மட்டும் சொல்லவில்லை. நான் வரிசையில் நின்றேன், அவளும் என் பின்னால் நின்றாள். நான் கையை நீட்டி வாங்கினேன், அவளும் வாங்கினாள்.

வெளியே வந்ததும் பாக்கெட்டிலிருந்து ஒரு டிஷ்யூவை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை அப்பம் முழுசாக இருந்தது.

"நீ சாப்பிடலயா?"

"அம்மா வரல லா. நான் மட்டும் எப்படிச் சாப்பிடறது? பிரசாதத்த வீட்டுக்கு எடுத்துட்டுத்தான போவோம்?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "இது என்ன வடையா, பொங்கலா? சாமிடி இது! சாமியப் போய்த் திருடிட்டு வந்திருக்க!" கத்திவிட்டு, அதைப் பிடுங்கிக்கொண்டு ஃபாதரிடம் ஓடினேன்.

ஃபாதர் அப்பத்தைப் பக்தியாக வாயில் இட்டுக்கொண்டார். பிறகுதான் கேட்டார்: "யாரும்மா அந்தப் பொண்ண வரிசையில நிக்கச் சொன்னது?"

"அவளாத்தான் நின்னா, ஃபாதர்."

பிரேமலா எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "தெரியாம எடுத்துட்டேன், மன்னிச்சிருங்க" என்று அவள்தான் மன்னிப்புக் கேட்டாள்.

அதன் பிறகு மூன்று வாரம் அவள் என்னோடு பேசவில்லை. ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோதும் இந்த ஒரு பொய்யை மட்டும் விழுங்கிவிட்டு வந்தேன். கணக்கும் போனது, கூட்டாளியும் போனாள்.

நான்காவது வாரம் ஒரு காலையில் என் மேசைமேல் ஒரு சின்ன டப்பாவை வைத்தாள். உள்ளே சர்க்கரைப் பொங்கல்.

"அம்மாவுக்கு நல்லாயிருச்சு. நேத்து கோயில்ல பூஜ வச்சோம். நீ வரல, அதான் எடுத்து வச்சேன்."

கோயிலில் படைத்ததை எங்கள் வீட்டில் யாரும் தொடமாட்டோம். அது அவளுக்கும் தெரியும். "சாப்பிடலன்னாலும் பரவால்ல" என்றாள்.

என் சாமி கோபித்துக்கொள்வாரோ என்று எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. ஆனால் அந்த மூன்று வாரக் கோபத்திலும் எனக்கென்று ஒரு பங்கை எடுத்து வைத்தவளைப் பார்த்தபோது வெட்கம்தான் பெரிதாக இருந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டேன். நெய் கொஞ்சம் அதிகம். இடைவேளையில் ஃபாதரிடம் போய், "அன்னிக்கி நான்தான் நிக்க வச்சேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்றும் அவள் இந்துதான், நான் கத்தோலிக்கப் பெண்தான். பூசைக்கு வர முடியாத நோயாளிகளுக்கு வீடு வீடாக நற்கருணை கொண்டுபோகும் பணியைத் தேவாலயத்தில் எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கார் ஓட்ட வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிரேமலாதான் அழைத்துப் போகிறாள். நற்கருணை இருக்கும் சின்னப் பெட்டி என் மடியில் இருக்கும். ரேடியோவை அணைத்துவிட்டு, மேடுபள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டுவாள்.

கிளம்பும்போது வாராவாரம் அதே கேள்விதான் கேட்பாள்.

"இன்னிக்கி எத்தன பேரு வரல, ஜெசி?"